உதிரித் துண்டில் ஒரு தங்கை

– அசையாம உட்காரு பாப்பா. நீ தாடையைத் திருப்பினா நான் செதுக்கற கேக்குல கன்னம் இறங்கிடும்.

– அவ அசைய மாட்டா மாஸ்டர். பெரியவ. உட்காருன்னா உட்காருவா, எழுந்திருன்னா எழுந்திருப்பா. எப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கா பாருங்க. சின்னவளைக் கூட்டிட்டு வந்திருந்தேன்னா இந்நேரம் உங்க கிரீம் சட்டிக்குள்ள தலையை விட்டிருப்பா.

– ரெட்டைப் பிள்ளைங்கன்னு சொன்னீங்களே மேடம். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்கு வசதி.

– எதுக்கு? ஒரே அச்சு. ஒரு தலையைப் பாத்து ரெண்டு தலை செய்ய வேண்டியதுதானே.

– ஒரே அச்சுன்னா எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறீங்க?

– பெத்தவளைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது? ஆக்சுவலா, நடந்து வர்ற சத்தத்துலயே நான் சொல்லிடுவேன். மத்தவங்களுக்காகத்தான் பெரியவளுக்கு நீலக் கிளிப், சின்னவளுக்குச் சிவப்பு. அவங்க அப்பாவுக்கு கிளிப் இல்லேன்னா ரெண்டும் ஒண்ணுதான். மனுஷன் முதுகைத் தட்டி, 'நீ யாரும்மா'ன்னு கேப்பாரு.

– சரி, இப்போ மூக்கு. பாப்பா, மூச்சை மெதுவா விடு. இதுதான் ஆபத்தான கட்டம் மேடம். கேக் பாதி உறைஞ்சிருக்கணும். ரொம்ப உறைஞ்சா கத்தி பல்லு பல்லா இழுக்கும், இளகினா மூக்கு கையோட வந்துடும். கல்லுல செதுக்கறவன் எல்லாம் என்ன பெரிய சிற்பி? கல்லு வெயில்ல உருகுமா?

– அதனாலதானே தேடி வந்தேன். எங்க மன்றத்துல எல்லாரும் சொன்னாங்க, கேக் போடறவர் ஒருத்தர் இருக்காரு, முகத்தை அப்படியே...

– கேக் போடறவன் இல்ல மேடம். கேக் போடறவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான். நான் உருவம் பிடிக்கறவன். இந்தக் கண்ணு இருக்கே, ஒரு முகத்தை ஒரு தடவை பாத்தா உள்ளே என்ன இருக்குன்னு சொல்லிடும். ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை முகத்தைச் செஞ்சேன். பொண்ணோட அப்பா நேரா வந்து கேக்கைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு.

– அப்போ இவ முகத்தைப் பாத்து என்ன தோணுது? சொல்லுங்க பாப்போம்.

– நெத்தியைப் பாருங்க. முதல் ரேங்க் நெத்தி. இந்த மாதிரி நெத்தி செதுக்கிப் பல வருஷம் ஆச்சு. புருவத்துக்கு மேல ஒரு தெளிவு இருக்கு பாருங்க, கத்தி தானா வழுக்கிட்டுப் போகுது.

– கேட்டியா செல்லம்? அங்கிளுக்கே தெரியுது.

– அம்மா, அவளை எவ்வளவு பெருசு செய்யப் போறாங்க?

– யாரை?

– சின்னவளை.

– வாயை அசைக்காத கண்ணு. அங்கிள் உதட்டுக்கு வரப் போறாரு.

– அதைச் சொல்லிடுங்க மேடம். இது தோள் வரைக்கும் ஒன்றரை அடி. தலையில கிரீடம், முன்னால கோப்பை. சின்னவ?

– பக்கத்துல ஒரு சாண் இருந்தாப் போதும். கை தட்டற மாதிரி. அண்ணாந்து இவளைப் பாத்துச் சந்தோஷமா கை தட்டணும். சந்தோஷம் முக்கியம், புரியுதா? பொறாமைன்னு யாரும் நினைச்சுடக் கூடாது.

– ஒரு சாண்னா தனியா சுட வேண்டியதில்ல. இதோ கீழே விழுது பாருங்க, செதுக்கின துண்டு, கன்னத்துச் சீவல் எல்லாம். இதை உதிர்த்துக் கிரீம் விட்டுப் பிசைஞ்சா களிமண் மாதிரி வரும். சின்னச் சின்ன உருவம் எல்லாம் நாங்க அதுலதான் பிடிக்கறது.

– அப்படியா! அட, எவ்வளவு பொருத்தம்! வயித்துக்குள்ளயும் அதுதானே நடந்தது. சத்தையெல்லாம் இவ எடுத்துக்கிட்டா, மிச்சம் மீதியை உருட்டிப் பிடிச்ச மாதிரி நாலு நிமிஷம் கழிச்சு அவ வந்தா.

– அம்மா, அவளையும் என் உயரத்துக்குச் செய்யச் சொல்லேன்.

– எதுக்குடா தங்கம்?

– அவளுக்கும் நாளைக்குத்தானே எட்டு வயசு.

– கேட்டீங்களா மாஸ்டர்? இந்தக் குணத்தை எங்கயாவது பாத்திருக்கீங்களா? இருங்க, இதைக் குறிச்சு வச்சுக்கறேன். நாளைக்கு வரவேற்புரையில சேக்கணும். 'அவளுக்கும் எட்டு வயசு.' ஆஹா. மன்றத்துல நாலு பேராவது கண்ணைத் துடைப்பாங்க.

– என்ன மன்றம் மேடம் அது?

– அன்னையர் மன்றம். நான்தான் தலைவி. மாசத்துக்கு ஒரு கூட்டம், பிள்ளை வளர்ப்பு பத்திப் பேசுவேன். போன மாசம் தலைப்பு என்ன தெரியுமா? 'ஒப்பிடாதீர்கள்.' முழுசா ரெண்டு மணி நேரம். கடைசியில எழுந்து நின்னு கை தட்டினாங்க. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் உட்கார்ந்துக்கிட்டே தட்டினா. அவ அந்த ரகம்.

– இந்தக் கோப்பை எதுக்கு? விளையாட்டுல ஜெயிச்சதா?

– பேச்சுப் போட்டி. தலைப்பு 'என் அன்னை'. நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

– அட. நடுவர் யாரு?

– நடுவர்கள்ல நானும் ஒருத்தி. ஆனா மார்க் போடறப்போ பேப்பர்ல பேரையே பாக்கல. புரியுதா?

– புரியுது மேடம். நல்லாவே புரியுது. பலகையில என்ன எழுதணும்?

– 'எங்கள் இரு கண்மணிகளுக்கு.' அடியில பேரு.

– ரெண்டு பேரும்?

– பெரியவ பேரு பெருசா. சின்னவ பேரு இடம் இருந்தா.

– இடம் இருக்கும் மேடம்.

– இல்லேன்னாலும் பரவாயில்லைன்னு சொல்றேன். கண்மணிகள்னு போட்டாச்சுல்ல, அதுலயே அவளும் அடக்கம்.

– அம்மா.

– என்ன செல்லம்?

– சித்திக்கு ஒரு போன் பண்ணும்மா.

– மறுபடியும் ஆரம்பிக்காத.

– ஏன் மேடம், பாப்பாவுக்கு என்ன?

– ஒண்ணுமில்ல. சின்னவ ரூம்ல இருக்கா. கணக்குல இருபதுக்குப் பதினாறு. இவ இருபதுக்கு இருபது. பதினேழாம் வாய்ப்பாட்டை அம்பது தடவை எழுதுன்னு உட்கார வச்சு வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டு வந்திருக்கேன். எழுதி முடிச்சாத்தான் சாப்பாடு. என் தங்கச்சியைக் காவலுக்கு வச்சிருக்கேன்.

– பொறந்த நாளுக்கு முதல் நாளா?

– பொறந்த நாள் அன்னிக்கே வச்சா நல்லா இருக்காதுல்ல? எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கே. அதான் இன்னிக்கே முடிச்சுடலாம்னு.

– அவ காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலம்மா.

– நீ சாப்பிட்டியா?

– சாப்பிட்டேன்.

– அப்புறம் என்ன? கையில ஜூஸ் இருக்கு, குடி.

– பதினெட்டுதான் முடிச்சிருந்தா. நாம கிளம்பறப்போ ஜன்னல் வழியாக் காட்டினா. நாலாவது பேப்பர் நனைஞ்சு போச்சாம். சித்தி அதைக் கணக்குல சேக்கலையாம்.

– யாரு அழுதுக்கிட்டே எழுதச் சொன்னது? எழுத்து ஊறிப் போனா மறுபடி எழுதத்தான் வேணும். ஒழுங்கா உட்கார்ந்தா ரெண்டு மணி நேர வேலை. அவ வேணும்னே இழுக்கறா.

– ஒரு பிஸ்கட்டாவது கொடுக்கச் சொல்லும்மா.

– கண்ணு, இதுவும் அன்புதான். அம்மா உங்க ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பாக்கறேன். உனக்கு அன்பு ஜூஸா வருது, அவளுக்கு வாய்ப்பாடா வருது. பெரியவளானதும் புரியும். கொஞ்சம் சிரி இப்போ. மாஸ்டர், அந்தச் சிரிப்பைப் பிடிச்சுக்கங்க.

– சிரிக்கலையே மேடம்.

– செல்லம், பல்லு தெரியச் சிரி. அதோ. அவ்வளவுதான்.

– அழகு. கன்னத்துல குழி விழறது அப்படியே வந்துடுச்சு. ஒண்ணரை மணி நேரத்துல இப்படி ஒரு முகம் வேற எவன் செதுக்குவான்? காது மட்டும் பாக்கி. அப்புறம் கிரீம் பூசி அரை மணி நேரம் பிரிட்ஜ்ல வச்சு, மேல சர்க்கரைத் தோல் போத்தினா முடிஞ்சுது.

– அம்மா.

– இன்னும் என்ன?

– நான் சின்னவ.

– என்னது?

– நான் சின்னவம்மா. காலையில கிளிப்பை மாத்திக் குத்திக்கிட்டோம். ரூம்ல இருக்கறது பெரியவ.

– விளையாடாத.

– விளையாடல. நீ நீலக் கிளிப்பைப் பாத்து, வா போலாம்னு கூப்பிட்டே. நான் வந்துட்டேன்.

– மாஸ்டர், கத்தியைக் கீழே வைங்க. ஏய், இங்க பாரு. நிமிரு. அந்தப் பக்கம் திரும்பு. இந்தப் பக்கம்... அதானே! வந்ததுல இருந்தே எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. என் பெரியவ இப்படிக் கூன் போட்டு உட்காருவாளா? ஸ்டூல் மேல மூட்டை வச்ச மாதிரி.

– எனக்கும்தான் மேடம். மூக்கு கிட்ட வந்தப்போ கை தயங்குச்சு. இந்தக் கை என்னைக்கும் பொய் சொன்னதில்ல. நெத்தியில ஒரு மந்தம் தெரியுது பாருங்க, புருவத்துக்கு மேல.

– முதல் ரேங்க் நெத்தின்னு சொன்னீங்களே அங்கிள்?

– அது... டியூப் லைட் வெளிச்சம் பாப்பா. அது எல்லாரையும் கொஞ்சம் தூக்கிக் காட்டும்.

– எதிர்த்துப் பேசாத! அந்த வாயே காட்டிக் கொடுக்குது. இவ்வளவு நேரம் தங்கச்சி சாப்பிடல, தங்கச்சி சாப்பிடலன்னு எனக்கே நாடகம் போட்டியா? அக்காவை உள்ளே மாட்டி வச்சுட்டு நீயே சிபாரிசா? என்ன கள்ளத்தனம்! எட்டு வயசுல!... ஐயோ. ஐயையோ மாஸ்டர். அப்போ உள்ளே இருக்கறது என் பெரியவ!

– ஆமா மேடம். காலையில இருந்து பட்டினி.

– வாயை மூடுங்க, எனக்குத் தெரியும். போன் எங்க... அலோ. அலோ, என்னடி பண்றே? முதல்ல போய் அந்தக் கதவைத் திற. உள்ளே இருக்கறது பெரியவடி. ஆமா, பெரியவ! கிளிப்பை நம்பாத, இந்த மூதேவி மாத்திக் குத்தியிருக்கா... திறந்துட்டியா? என்ன சொல்றா? 'நான் சின்னவதான்'னு சொல்றாளா? பாருடி! பாருடி அந்த மனசை! தங்கச்சியைக் காட்டிக் கொடுக்க மனசு வரல என் தங்கத்துக்கு.

– அம்மா, அவளுக்குச் சாப்பாடு...

– நீ பேசாத. உன்னைச் சொல்லலடி, இவளைச் சொல்றேன். எத்தனை தடவை எழுதியிருக்கா? முப்பத்தொண்ணா? கிழிச்சுப் போடு. முதல்ல சோறு போடு. சூடா. முட்டை பொரிச்சு வை. நீயே ஊட்டி விடு, எழுதி எழுதிக் கை வலிக்கும். பிரிட்ஜ்ல மேல் தட்டுல பெரியவளுக்குன்னு ஐஸ்கிரீம் வச்சிருக்கேன், அது முழுசும் கொடு. அழறாளா? அழ விடாதடி, நாளைக்கு போட்டோவுல முகம் வீங்கும். அம்மா மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு. ஆமா, மன்னிப்புன்னே சொல்லு. சாப்பிட்டதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அப்பத்தான் என் வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும்.

– மேடம், இந்த முகம்?

– இருங்க. ஏய், ஸ்டூலை விட்டு இறங்கு. ஜூஸைக் கீழே வை. அது அவளுக்கு வாங்கினது.

– சரிம்மா.

– வீட்டுக்குப் போனதும் அம்பது இல்ல, நூறு. சாப்பாட்டு நினைப்பே வேண்டாம்.

– சரிம்மா.

– பாத்தீங்களா, ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா? கல்லு. பெரியவளா இருந்தா இந்நேரம் துடிச்சுப் போயிருப்பா. மாஸ்டர், இந்தத் தலை வேண்டாம்.

– முடிஞ்சு போச்சே மேடம். காது மட்டும்தான் பாக்கி. ஒரே அச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?

– அச்சு ஒண்ணு, களை வேற. நீங்கதானே மந்தம்னு சொன்னீங்க? நாளைக்கு நூத்திருபது பேர் முன்னாடி என் பெரியவ தோள் மேல சின்னவ தலையா? கிரீடத்தை யாருக்கு வைக்கறது?

– வாஸ்தவம்தான். அசட்டுக் களையை ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் அது மட்டும்தான் கண்ணுல படும். பிரிட்ஜ்ல இன்னொரு கட்டை கேக் இருக்கு, புதுசா செதுக்கிடலாம். இதை என்ன பண்ண?

– பிசைஞ்சுடுங்க. சின்னவளை அதுல பிடிச்சுடுங்க. அவ முகம்தானே, அவளுக்கே போகட்டும்.

– பாப்பா பாத்துக்கிட்டு நிக்குதே?

– பாக்கட்டும். பாத்தாத்தான் உறைக்கும்.

– சரி. பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு, மேல தெறிக்கும். முதல்ல மூக்கு... ம். எவ்வளவு சுலபமா வருது பாருங்க. செதுக்க ஒண்ணரை மணி நேரம், உடைக்க ஒரு அமுக்கு. கன்னம். இப்போ நெத்தி.

– உதடு அப்படியே சிரிச்சுக்கிட்டிருக்கு மாஸ்டர். அதையும் அமுக்குங்க.

– அமுக்கிட்டேன். கிரீம் விடறேன். இனி ஒண்ணும் அடையாளம் தெரியாது. நல்லா இளகட்டும், பொறுமையாப் பிசையணும். கட்டி தட்டினா உருவம் வெடிக்கும்.

– வலிக்குதா அங்கிள்?

– எனக்கா? இல்ல. கை பழகிடுச்சு.

– அம்மா, சித்தி ஏதாவது சொன்னாங்களா?

– அதைப் பத்தி உனக்கு என்ன? அரை மணி நேரமா சித்தி சித்தின்னு உயிரை எடுக்கறே... இரு, வந்திருக்கு. ஆங்! சாப்பிட்டாளாம். ரெண்டு தட்டு. ஐஸ்கிரீமும் முடிச்சுட்டாளாம். கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிட்டாளாம், கள்ளி. போட்டோ அனுப்பியிருக்கா. மாஸ்டர், பாருங்க. இதைப் பாருங்க. இது முகம்!

– அடடா. அடடா மேடம்! கண்ணுல என்ன ஒளி! சிரிப்பைப் பாருங்க, நெத்தியில எப்படி ஏறி நிக்குது. இதை முதல்லயே காட்டியிருந்தா நான் அந்த மரமண்டையைச் செதுக்கி நேரத்தை வீணாக்கியிருப்பேனா? ராணி முகம்.

– ராணிதான். வாயில ஐஸ்கிரீமை அப்பிக்கிட்டுக்கூட எவ்வளவு லட்சணம்! இதைப் பாத்தே செதுக்குங்க. ஒன்றரை அடி போதாது, ரெண்டு அடியா வைங்க.

– ரெண்டு அடின்னா கழுத்துக்குள்ள நாலு குச்சி கொடுக்கணும். கொடுக்கறேன். இந்த முகத்துக்குக் கொடுக்கலாம்.

– எனக்கும் காட்டும்மா.

– நல்லாப் பாரு. பக்கத்துல வந்து பாரு. ஒரே வயித்துல பொறந்தாலும், பெரியவன்னா எப்படி இருப்பான்னு கண்ணைத் திறந்து பாத்துக்கோ.

– தட்டுல ஒண்ணும் மிச்சம் இல்லம்மா. அது சின்னவதான். நான்தான் பெரியவ. அவ சாப்பிட்டு முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்.